ஆங்கிலச் சொல் விளக்கம்: ‘டியூ’, ‘இஷூ’ – பொருளும் பயன்பாடும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர் பலர், “சொல்லுக்குப் பொருள் தெரியும், ஆனால் வாக்கியம் விளங்கவில்லை” என்று கூறுவதுண்டு. இதற்குக் காரணம் சொல் தெரியாமையன்று. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருளை மட்டும் எழுதி மனனஞ் செய்வதே காரணமாகும். அந்த ஒரு பொருள் பொருந்தாத இடத்தில் அச்சொல் வரும்போது, வாக்கியம் முழுவதுமே பிழையாக விளங்கிக்கொள்ளப்படுகிறது.

இக்குறையை நீக்குவதற்காக இப்பாடத்தில் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ‘டியூ’. மற்றையது ‘இஷூ’. இவை ஒலியாலும் பொருளாலும் பிறப்பாலும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. எனினும் விண்ணப்பப்படிவம், மின்கட்டணப் பட்டியல், நூலக அறிவித்தல், வங்கிக் கடிதம், வானிலை அறிக்கை ஆகியவற்றில் இரண்டும் அடிக்கடி வருகின்றன. பரீட்சையில் கேட்கப்படும் வாசிப்புப் பந்திகளும் அறிவித்தல்களும் கடிதங்களும் இவ்வகைப்பட்டவையே.

இவ்விரு சொற்களையும் கற்கும்போது இரண்டு விடயங்களை நினைவிற் கொள்க.

1. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடிப்படைப் பொருள் உண்டு. ஏனைய பொருள்கள் அதிலிருந்து கிளைத்தவை.
2. எந்தக் கிளைப்பொருளைக் கொள்ளவேண்டும் என்பதை, அச்சொல்லுக்கு முன்னும் பின்னும் நிற்கும் சொற்களே காட்டும்.

ஆங்கில வாக்கியங்கள் இங்கு உச்சரிப்புக்கு ஏற்பத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. அவற்றை உரத்து வாசித்தபின், உங்கள் அப்பியாசக் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகுக.

பகுதி 1: ‘டியூ’

எழுத்தும் உச்சரிப்பும்

இச்சொல் டி, யூ, ஈ என்னும் மூன்று எழுத்துகளால் ஆனது. பனித்துளி என்னும் பொருள் தரும் வேறொரு சொல்லும் இதே ஒலியுடையது. அது டி, ஈ, டபிள்யூ என எழுதப்படும். சொல்வதெழுதலில் இவ்விரண்டும் மயங்குவதற்கு இடமுண்டு. அதிகாலை, புல், இலை போன்ற சொற்கள் அருகில் வந்தால் பனித்துளி என்க. பணம், திகதி, நேரம் என்பன அருகில் வந்தால் நாம் இங்கு கற்கும் ‘டியூ’ என்க.

அடிப்படைப் பொருள்

‘கடன்பட்டிரு’ என்னும் பொருளுள்ள இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ‘டியூ’ ஆங்கிலத்துக்கு வந்தது. கடன் எனப் பொருள்படும் ‘டெற்’, கடமை எனப் பொருள்படும் ‘டியூட்டி’ ஆகிய சொற்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

தமிழிலும் இதற்கு ஒப்பான நிலை உண்டு. ‘கடன்’ என்றால் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம். காலைக்கடன், இறுதிக்கடன் என்னும்போது அதே சொல் செய்யவேண்டிய கடமையைக் குறிக்கிறது. பணமாயினும் செயலாயினும் ‘வேண்டியது’ என்னும் கருத்து இரண்டிலும் உண்டு. ‘டியூ’ என்பதன் அடிப்படைப் பொருளும் இதுவே. எனவே ‘வேண்டிய’, ‘உரிய’ என்னும் இரு தமிழ்ச் சொற்களை மனதில் வைத்துக்கொண்டால், இச்சொல் வரும் பெரும்பாலான இடங்களை விளங்கிக்கொள்ளலாம்.

பயன்பாடு

(அ) செலுத்தவேண்டிய பணம்

‘அமௌன்ற் டியூ’ என்றால் செலுத்தவேண்டிய தொகை. ‘டியூ டேற்’ என்றால் செலுத்தவேண்டிய அல்லது ஒப்படைக்கவேண்டிய கடைசித் திகதி. இத்தலைப்பின் கீழ் உள்ள தொகை ஏற்கெனவே செலுத்திய தொகையன்று. இன்னும் செலுத்தாத தொகை என்பதைக் கவனிக்க. கடைசித் திகதியும் கடந்துவிட்டால் ‘ஓவர்டியூ’ எனப்படும். ‘தவணை கடந்த’ என்பது அதன் பொருள்.

(ஆ) எதிர்பார்க்கப்படும் நேரம்

“த ட்ரெயின் இஸ் டியூ அற் சிக்ஸ்.”
புகையிரதம் ஆறு மணிக்கு வரவேண்டும்.

இவ்வாக்கியத்தைப் “புகையிரதம் ஆறு மணிக்கு வந்தது” என மொழிபெயர்ப்பது பிழை. நேரசூசியின்படி வரவேண்டிய நேரத்தையே இது சொல்கிறது. உண்மையில் அது ஏழு மணிக்கும் வரலாம். அவ்வாறே “த பேபி இஸ் டியூ இன் மே” என்றால், குழந்தை மே மாதத்தில் பிறக்குமென எதிர்பார்க்கப்படுகிறது என்பது பொருள்.

(இ) ‘டியூ டு’ என்பதன் பின் வினை வருதல்

‘டியூ டு’ என்பதன் பின்னர் வினைச்சொல் வந்தால், ஏற்கெனவே திட்டமிடப்பட்ட செயலைக் குறிக்கும். தமிழில் ‘இருக்கிறது’, ‘இருந்தது’ எனச் சேர்த்து எழுதுகிறோம்.

“த மீற்றிங் இஸ் டியூ டு ஸ்டார்ட் அற் நைன்.”
கூட்டம் ஒன்பது மணிக்கு ஆரம்பமாகவிருக்கிறது.

(ஈ) ‘டியூ டு’ என்பதன் பின் பெயர் வருதல்

‘டியூ டு’ என்பதன் பின்னர் பெயர்ச்சொல் வந்தால் ‘காரணமாக’ என்னும் பொருள் தரும். பரீட்சையில் மாணவர் மிகுதியாகப் பிழைவிடும் இடம் இதுவாகும்.

சரி: “த மச் வொஸ் கான்ஸல்ட் டியூ டு ரெயின்.”
மழை காரணமாகப் போட்டி இரத்துச் செய்யப்பட்டது.

சரி: “த மச் வொஸ் கான்ஸல்ட் பிகோஸ் இற் ரெயின்ட்.”
மழை பெய்தபடியால் போட்டி இரத்துச் செய்யப்பட்டது.

பிழை: “த மச் வொஸ் கான்ஸல்ட் டியூ டு இற் ரெயின்ட்.”

இவ்வேறுபாட்டை நினைவில் வைத்திருக்கத் தமிழே துணைபுரியும். ‘மழை காரணமாக’ என்பதில் ‘காரணமாக’ என்னும் சொல்லுக்கு முன் ஒரு பெயர்ச்சொல் நிற்கிறது. ‘மழை பெய்தது காரணமாக’ என்று நாம் எழுதுவதில்லை. வினை வருமாயின் ‘பெய்தபடியால்’ என்கிறோம். ஆகவே தமிழில் ‘காரணமாக’ எனவரும் இடத்தில் ‘டியூ டு’ என்றும், ‘படியால்’ எனவரும் இடத்தில் ‘பிகோஸ்’ என்றும் எழுதுக. ‘பிகோஸ்’ என்பதைப் பெயர்ச்சொல்லோடு எழுதவேண்டுமாயின் ‘பிகோஸ் ஒஃப்’ என்று எழுதவேண்டும்.

‘டியூ டு’ என்பதன் இரு பயன்பாடுகளும் ஒரே வாக்கியத்திலும் வரலாம். 2020ஆம் ஆண்டுக்கான க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை கொவிட்-19 தொற்றுக் காரணமாகப் பிற்போடப்பட்டு, 2021 மார்ச்சில் நடைபெற்றது. இதனை ஆங்கிலத்தில் எழுதுவோமாயின்:

“த எக்ஸாமினேஷன், விச் வொஸ் டியூ டு பி ஹெல்ட் ஏர்லியர், வொஸ் போஸ்ட்போன்ட் டியூ டு கொவிட்.”
முன்னதாக நடைபெறவிருந்த பரீட்சை, கொவிட் காரணமாகப் பிற்போடப்பட்டது.

முதலாவது ‘டியூ டு’ என்பதைத் தொடர்ந்து ‘பி ஹெல்ட்’ என்னும் வினை வந்துள்ளது. ஆகவே ‘நடைபெறவிருந்த’ என்றாயிற்று. இரண்டாவதைத் தொடர்ந்து ‘கொவிட்’ என்னும் பெயர் வந்துள்ளது. ஆகவே ‘காரணமாக’ என்றாயிற்று. அடுத்த சொல்லைப் பார்த்தே பொருள் கொள்ளவேண்டும் என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

(உ) ‘உரிய’ என்னும் பொருள்

‘டியூ ரெஸ்பெக்ற்’ – உரிய மரியாதை. ‘டியூ கெயார்’ – உரிய கவனம். ‘இன் டியூ கோர்ஸ்’ – உரிய காலத்தில்.

கடைசியாகக் கூறியது அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி காணப்படும். “யூ வில் பி இன்ஃபோர்ம்ட் இன் டியூ கோர்ஸ்” என்றால் “உரிய காலத்தில் உமக்கு அறிவிக்கப்படும்” என்று பொருள். இங்கு ‘கோர்ஸ்’ என்பது பாடநெறியைக் குறிக்கவில்லை. பாடநெறி என்று பொருள்கொண்டு, வகுப்பில் சேர்த்துக்கொண்டதாக நினைப்பது தவறாகும்.

இதன் வினையடை ‘டியூலி’ என்பதாகும். “டியூலி ஃபில்ட் அப்ளிகேஷன்” என்றால் உரியவாறு பூர்த்திசெய்யப்பட்ட விண்ணப்பம். இதனை எழுதும்போது ஈ என்னும் எழுத்து நீங்கிவிடும். டி, யூ, எல், வை என்பதே சரியான எழுத்துக்கூட்டல். ஈ எழுத்தையும் சேர்த்து எழுதினால் புள்ளி குறையும்.

எதிர்ச்சொல் ‘அன்டியூ’. தகாத, அளவுக்கு மீறிய என்பன அதன் பொருள்கள். ‘அன்டியூ இன்ஃபுளுவன்ஸ்’ என்பது தகாத செல்வாக்கு.

(ஊ) பெயர்ச்சொல்லாக வருதல்

‘டியூஸ்’ என்று பன்மையில் வந்தால் சங்கங்களுக்குச் செலுத்தும் சந்தாவைக் குறிக்கும். “மெம்பர்ஷிப் டியூஸ்” என்பது அங்கத்துவச் சந்தா. ஒருமையில் வந்தால் ஒருவருக்குச் சேரவேண்டிய பங்கு அல்லது மதிப்பைக் குறிக்கும்.

(எ) திசையைக் குறிக்கும் சொல்லின் முன் வருதல்

‘டியூ நோர்த்’ என்றால் நேர் வடக்கு. பருத்தித்துறையும் காலியும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில், அதாவது கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 13 கலைக்கு அண்மையில் அமைந்துள்ளன. ஆகவே “பொயின்ற் பீட்ரோ இஸ் ஓல்மோஸ்ற் டியூ நோர்த் ஒஃப் கோல்” எனலாம். பருத்தித்துறை காலிக்கு ஏறத்தாழ நேர் வடக்கே உள்ளது என்பது பொருள். இப்பயன்பாடு அரிதாயினும் பயணக் கட்டுரைகளில் வரக்கூடும்.

பகுதி 2: ‘இஷூ’

எழுத்தும் உச்சரிப்பும்

ஐ, எஸ், எஸ், யூ, ஈ என்னும் ஐந்து எழுத்துகளால் ஆனது. நடுவிலுள்ள இரட்டை எஸ் ‘ஷ’ ஒலி பெறும். சிலர் ‘இஸ்யூ’ என்றும் உச்சரிப்பர். அதுவும் பிழையன்று. எழுதும்போது ஓர் எஸ் எழுத்தை விட்டுவிடாமற் பார்த்துக்கொள்க.

அடிப்படைப் பொருள்

‘வெளியே போ’ என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து இதுவும் பிரெஞ்சு வழியாகவே ஆங்கிலத்தை அடைந்தது. மண்டபங்களில் வெளியேறும் வாயிலின் மேல் எழுதியிருக்கும் ‘எக்ஸிற்’ என்னும் சொல்லும் அதே மூலத்திலிருந்து வந்தது. ஆகவே ‘வெளி’ என்னும் தமிழ்ச் சொல்லை மனதில் வைத்துக்கொள்க. வெளிவருதல், வெளியிடுதல், வெளியீடு என விரித்துப் பார்த்தால் ‘இஷூ’ என்பதன் பொருள்கள் ஒவ்வொன்றாக விளங்கும்.

இச்சொல் வினையாகவும் வரும், பெயராகவும் வரும். எதுவாக வந்துள்ளது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளவேண்டும்.

பயன்பாடு

(அ) வினை: வழங்குதல், வெளியிடுதல்

அதிகாரமுள்ள ஒருவர் அல்லது ஒரு நிறுவனம் முறைப்படி ஒன்றை வழங்கும்போது இவ்வினை பயன்படுகிறது. ஆட்பதிவுத் திணைக்களம் தேசிய அடையாள அட்டையை வழங்குகிறது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் கடவுச்சீட்டை வழங்குகிறது. 1950இல் நிறுவப்பட்ட இலங்கை மத்திய வங்கி நாணயத்தாள்களை வெளியிடுகிறது. இவை அனைத்துக்கும் ‘இஷூ’ என்னும் வினையே பொருத்தமானது.

“த ஃபர்ஸ்ற் ஸ்டாம்ப் ஒஃப் சிலோன் வொஸ் இஷூட் இன் 1857.”
இலங்கையின் முதலாவது முத்திரை 1857இல் வெளியிடப்பட்டது.

இவ்வாக்கியம் செயப்பாட்டுவினையில் அமைந்துள்ளது. அலுவலக எழுத்துகளில் யார் வழங்கினார் என்பதிலும் எது வழங்கப்பட்டது என்பதே முக்கியமாதலால், இச்சொல் பெரும்பாலும் செயப்பாட்டுவினையிலேயே வரும்.

‘கிவ்’ என்பதும் ‘கொடு’ என்றே பொருள்படும். ஆனால் அது எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவானது. அம்மா மாம்பழம் தந்தார் என்பதற்கு ‘கிவ்’ என்னும் வினையையே எழுதவேண்டும். அங்கு ‘இஷூ’ என்று எழுதினால் வாசிப்பவர் நகைப்பர். கிராம அலுவலர் சான்றிதழ் வழங்கினார் என்பதற்கு ‘இஷூ’ பொருத்தமாகும்.

வாக்கிய அமைப்பு இரு வகைப்படும்.

முதலாவது: பொருள் முன்னும் ஆள் பின்னும் வந்தால் இடையில் ‘டு’ வரும்.
“தே இஷூட் கார்ட்ஸ் டு த ஸ்ருடன்ற்ஸ்.”

இரண்டாவது: ஆள் முன்னும் பொருள் பின்னும் வந்தால் இடையில் ‘வித்’ வரும்.
“தே இஷூட் த ஸ்ருடன்ற்ஸ் வித் கார்ட்ஸ்.”

இரண்டுக்கும் பொருள் ஒன்றே: மாணவர்களுக்கு அட்டைகளை வழங்கினர்.

‘டேற் ஒஃப் இஷூ’ என்று அட்டைகளில் இருப்பது வழங்கப்பட்ட திகதியாகும். ‘எக்ஸ்பயரி டேற்’ என்பது காலாவதியாகும் திகதியாகும். விண்ணப்பப்படிவங்களில் இவ்விரண்டையும் மாறி எழுதினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படவும் கூடும்.

(ஆ) எச்சரிக்கை விடுத்தல்

எச்சரிக்கை, கட்டளை, அறிக்கை ஆகியவற்றை விடுப்பதற்கும் இதே வினை பயன்படும். ‘இஷூ எ வோனிங்’ – எச்சரிக்கை விடு. ‘இஷூ அன் ஓடர்’ – கட்டளை பிறப்பி.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரைகளைத் தாக்குமுன் மக்களுக்கு எச்சரிக்கை எதுவும் விடுக்கப்படவில்லை. இதனை ஆங்கிலத்தில் “நோ வோனிங் வொஸ் இஷூட்” என்பர். அதன்பின் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. கடும் மழை, பலத்த காற்று, மண்சரிவு முதலியவற்றுக்கு இன்று முன்கூட்டியே எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன.

அத்தகைய அறிக்கை ஒன்றில் பின்வருமாறு காணப்படலாம்.

“இஷூட் அற் 6.00 ஏ.எம். நெக்ஸ்ற் ரிப்போர்ட் டியூ அற் 9.00 ஏ.எம்.”

முதலாவது, இவ்வறிக்கை காலை 6 மணிக்கு வெளியிடப்பட்டது என்பது. இரண்டாவது, அடுத்த அறிக்கை காலை 9 மணிக்கு வரவேண்டும் என்பது. ‘இஷூட்’ முடிந்த செயலைச் சொல்கிறது. ‘டியூ’ இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறது. மணி பத்தாகியும் கையில் ஆறு மணி அறிக்கையே இருக்குமாயின், அது பழைய செய்தி என்பதையும் புதிய அறிக்கையைத் தேடவேண்டும் என்பதையும் இவ்விரு சொற்களே உணர்த்துகின்றன.

(இ) பெயர்: இதழ்

பத்திரிகை அல்லது சஞ்சிகையின் ஒவ்வொரு வெளியீடும் ‘இஷூ’ எனப்படும். யாழ்ப்பாணத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியான ‘உதயதாரகை’ பத்திரிகையின் முதலாவது இதழ் 1841இல் வெளிவந்தது. ‘த ஃபர்ஸ்ற் இஷூ’ என்றால் முதலாவது இதழ் என்பதே பொருள். முதலாவது பிரச்சினை என்பதன்று. ‘பாக் இஷூ’ என்றால் முன்னர் வெளிவந்த பழைய இதழ்.

(ஈ) பெயர்: ஆராயவேண்டிய விடயம்

மாணவர் பெரும்பாலும் அறிந்திருப்பது இப்பொருளையே. இங்கும் ‘வெளி’ என்னும் கருத்து உண்டு. இரு தரப்பினரும் வாதிடும்போது வெளிப்பட்டு நிற்கும் கேள்வியே ‘இஷூ’ ஆகும். நீதிமன்ற வழக்கில் தீர்க்கப்படவேண்டிய வினாவையும் இச்சொல்லாலேயே குறிப்பர். பின்னர் பொதுமக்கள் கருத்து வேறுபாடு கொண்டு ஆராயும் எந்த விடயத்துக்கும் இது பெயராயிற்று. குடிநீர், போக்குவரத்து, சூழல் மாசடைதல் ஆகியன ‘சோஷல் இஷூஸ்’ எனப்படும்.

‘ப்ரொப்ளம்’ என்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. துவிச்சக்கர வண்டியின் சங்கிலி கழன்றால் அது ‘ப்ரொப்ளம்’. திருத்தினால் முடிந்துவிடும். கணித வினாவும் ‘ப்ரொப்ளம்’ எனப்படும். அதனை ‘இஷூ’ என்பதில்லை. பாடசாலைக்கு அருகில் மதுபானக் கடை திறக்கலாமா என்பது ‘இஷூ’. அதில் ஒருவர் ஆம் என்பார். மற்றவர் இல்லை என்பார். பேச்சு வழக்கில் இவ்வேறுபாடு குறைந்துவருகிறதாயினும், கட்டுரை எழுதும்போது பேணுவது நன்று.

கவனிக்க: கலந்துரையாடுதல் எனப் பொருள்படும் ‘டிஸ்கஸ்’ என்னும் வினையின் பின் ‘எபௌட்’ வராது. “வீ டிஸ்கஸ்ட் த இஷூ” என்பதே சரியானது. தமிழில் ‘பற்றி’ என்று சொல்கிறோமே என எண்ணி ஆங்கிலத்திலும் அதனைச் சேர்ப்பது வழமையான பிழையாகும்.

(உ) பெயர்: பிள்ளைகள், சந்ததி

சட்ட ஆவணங்களில் மட்டும் வரும் பொருள் இது. ஒருவரிடமிருந்து தோன்றிய மக்கள் ‘இஷூ’ எனப்படுவர். இப்பொருளில் பன்மை விகுதி சேர்வதில்லை. ஒரு பிள்ளையாயினும் பல பிள்ளைகளாயினும் ‘இஷூ’ என்றே எழுதப்படும்.

பரீட்சையில் இது வருவது அரிது. எனினும் வாழ்க்கையில் தேவைப்படும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய காணி உறுதிகளும் மரணசாசனங்களும் இன்றும் பல குடும்பங்களில் உள்ளன. அவற்றில் “டைஸ் விதௌட் இஷூ” என்று காணப்பட்டால், “பிள்ளைகளின்றி இறந்தால்” என்பதே பொருள். “பிரச்சினையின்றி இறந்தால்” என்று வாசித்துச் சொன்னால், காணி யாரைச் சேரவேண்டும் என்பதே மாறிவிடும். வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளையிடமே பெரியோர் இவற்றை வாசிக்கக் கொடுப்பர். பொருள் ஐயமாக இருப்பின் ஊகித்துச் சொல்லாது, நொத்தாரிசிடம் அல்லது சட்டத்தரணியிடம் காட்டுமாறு கூறுக.

(ஊ) சில தொடர்கள்

‘அற் இஷூ’ – ஆராயப்படுகின்ற, தீர்க்கப்படவேண்டிய.
‘டேக் இஷூ வித்’ – ஒருவரின் கருத்தை மறுத்து வாதிடு.
‘மேக் அன் இஷூ ஒஃப்’ – சிறிய விடயத்தைப் பெரிதுபடுத்து.

பகுதி 3: இரு சொற்களும் சேர்ந்து வருதல்

பின்வரும் நூலக அறிவித்தலை வாசிக்க.

“புக்ஸ் ஆர் இஷூட் ஃபோர் ஃபோர்ட்டீன் டேய்ஸ். த டியூ டேற் இஸ் ஸ்டாம்ப்ட் ஒன் த லாஸ்ற் பேஜ். எ ஃபைன் இஸ் சார்ஜ்ட் ஃபோர் ஓவர்டியூ புக்ஸ். பாக் இஷூஸ் ஒஃப் மகஸின்ஸ் ஆர் நொற் இஷூட். டியூ டு ரிப்பெயர்ஸ், த லைப்ரரி வில் பி குளோஸ்ட் ஒன் ஃப்ரைடே. நியூ மெம்பர்ஷிப் கார்ட்ஸ் வில் பி இஷூட் இன் டியூ கோர்ஸ்.”

பொருள்: புத்தகங்கள் பதினான்கு நாட்களுக்கு வழங்கப்படும். திருப்பி ஒப்படைக்கவேண்டிய திகதி கடைசிப் பக்கத்தில் முத்திரையிடப்பட்டுள்ளது. தவணை கடந்த புத்தகங்களுக்குத் தண்டப்பணம் அறவிடப்படும். சஞ்சிகைகளின் பழைய இதழ்கள் வழங்கப்படமாட்டா. திருத்த வேலைகள் காரணமாக நூலகம் வெள்ளிக்கிழமை மூடப்பட்டிருக்கும். புதிய அங்கத்துவ அட்டைகள் உரிய காலத்தில் வழங்கப்படும்.

நான்காவது வாக்கியத்தில் ‘இஷூ’ இரு முறை வந்துள்ளது. ‘பாக்’ என்னும் அடைமொழியுடனும் பன்மை விகுதியுடனும் வந்த முதலாவது பெயர், ஆகவே ‘இதழ்கள்’. ‘ஆர் நொற்’ என்பதன் பின் வந்த இரண்டாவது வினை; ஆகவே ‘வழங்கப்படமாட்டா’. ‘டியூ’ என்பதும் அதன் கிளைச்சொல்லும் நான்கு இடங்களில் வந்துள்ளன. ‘ஒப்படைக்கவேண்டிய’, ‘தவணை கடந்த’, ‘காரணமாக’, ‘உரிய’ என நான்கு வகையாகத் தமிழில் எழுதியுள்ளோம். ஒரு பொருளை மட்டும் மனனஞ் செய்த மாணவர், இந்த ஆறு வரி அறிவித்தலிலேயே பல இடங்களில் தடுமாறுவர்.

பயிற்சி

1. இடைவெளியில் ‘டியூ டு’ அல்லது ‘பிகோஸ்’ எழுதுக.
(அ) ஷீ வொஸ் லேற் ....... த பஸ் ப்ரோக் டௌன்.
(ஆ) த ரோட் இஸ் குளோஸ்ட் ....... எ லான்ட்ஸ்லைட்.

2. தமிழில் எழுதுக.
(அ) த ரென்ற் இஸ் டியூ ஒன் மன்டே.
(ஆ) ஐ ரெட் இற் இன் த லாஸ்ற் இஷூ.
(இ) த பொலிஸ் இஷூட் எ ஸ்டேற்மன்ற்.

3. பிழை திருத்துக.
(அ) வீ டிஸ்கஸ்ட் எபௌட் த இஷூ.
(ஆ) தே இஷூட் த பேஷன்ற்ஸ் டு கார்ட்ஸ்.

விடைகள்

1. (அ) பிகோஸ். பின்னால் ‘பஸ் பழுதடைந்தது’ என எழுவாயும் வினையும் வந்துள்ளன. (ஆ) டியூ டு. பின்னால் ‘மண்சரிவு’ என்னும் பெயர்ச்சொல் மட்டும் வந்துள்ளது.

2. (அ) வாடகையைத் திங்கட்கிழமை செலுத்தவேண்டும். (ஆ) அதனைக் கடந்த இதழில் வாசித்தேன். (இ) பொலிஸார் அறிக்கை ஒன்றை வெளியிட்டனர்.

3. (அ) ‘எபௌட்’ என்பதை நீக்குக. (ஆ) ‘டு’ என்பதற்குப் பதிலாக ‘வித்’ எழுதுக. ஆள் முன்னே வந்துள்ளமையே காரணம்.

மாணவர் கவனத்துக்கு

உங்கள் சொற்கொப்பியில் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று நிரல்கள் இடுக. முதலாவதில் சொல்லையும் அடிப்படைப் பொருளையும் எழுதுக. இரண்டாவதில் அச்சொல்லோடு சேர்ந்து வரும் சொற்களை எழுதுக. மூன்றாவதில் நீங்களே அமைத்த ஒரு வாக்கியத்தை எழுதுக. வீட்டுக்கு வரும் கட்டணப் பட்டியல், அடையாள அட்டை, நூலக அட்டை ஆகியவற்றில் இவ்விரு சொற்களும் எங்குள்ளன எனத் தேடிப் பார்த்து, அங்கு எப்பொருளில் வந்துள்ளன என்பதைக் குறித்துக்கொள்க. பரீட்சை மண்டபத்தில் ‘டியூ’, ‘இஷூ’ என்பவற்றைக் கண்டால் உடனே பொருள் எழுத முற்படாது, வாக்கியத்தை முடிவுவரை வாசித்து, அருகிலுள்ள சொற்களையும் பார்த்த பின்னரே விடையளிக்க.